மைனி சிரித்த ஆடி மாதம்

குழுவில் இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். நான் வாட்ஸப்பில் நீளமாக எழுதுகிறவள் இல்லை. காலை வணக்கம் என்று நீங்கள் அனுப்பும் ரோஜாப்பூவுக்குப் பதில் பூ அனுப்பக்கூடச் சோம்பல்படுகிறவள். இன்றைக்கு எழுதுகிறேன். படித்து முடிப்பதற்குள் யாரும் கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் நம் வகுப்பு லீடர் ஒரு வீடியோ போட்டாள். அறுபது வயதுக்கு மேலேயும் அவளை லீடர் என்றுதானே கூப்பிடுகிறோம், இப்போதும் அப்படியே இருக்கட்டும். வீடியோவில் அவளுடைய மருமகள் ஐந்தருவியில் நனைந்துகொண்டு நிற்கிறாள். பிள்ளை பெற்று நான்கு மாதம் ஆன பெண். ஒரு மாதமாக யாரோடும் பேசாமல், பிள்ளையைத் தூக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளாம். பத்து நாளாகத் தினமும் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். வீடியோவில் அந்தப் பெண் சிரிக்கிறாள். கீழே லீடர் எழுதியிருந்தது இது: "இப்பப் பாருங்க எப்படிச் சிரிக்கான்னு. மாத்திரையும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், நம்ம தண்ணிதான் மருந்து. சந்தேகம்னா நம்ம டெலிபோன்காரிகிட்டக் கேளுங்க. அவ மைனிக்கு இங்கனதான் தெளிஞ்சுது."

டெலிபோன்காரி நான்தான். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதைக் கொடுத்துச் சம்பாதித்தவள். அந்த மைனி என் அண்ணன் மனைவி.

உடனே எல்லோரும் இதயம் போட்டீர்கள். ஒருத்தர் "இயற்கை அன்னைக்கு நன்றி" என்று போட்டார். போன மாதம்தான் நாமெல்லாம் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு, கோயில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனநல விழிப்புணர்வு ஊர்வலம் போனோம். பேனரின் ஒரு முனை லீடர் கையில். என் கையில் இருந்த அட்டையில் 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று எழுதியிருந்தது. ஊர்வலம் முடிந்தது, மோர் குடித்தோம், போட்டோ எடுத்தோம், ஒருத்தரும் மனம் விட்டுப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பேசாதவள், அட்டையைப் பிடித்தவுடன் பேசிவிடுவேனா?

இப்போது பேசுகிறேன். லீடர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நானும் லீடரும் ஐந்தாம் வகுப்பு, தென்காசியில் அடுத்தடுத்த வீடு. அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். மைனிக்குப் புளியறை. கேரளா ரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் என்பதால் பேச்சில் மலையாளம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எல்லோரும் என்னை "ஏட்டி" என்று கூப்பிட, அவள் மட்டும் மகளே என்பதை "மோளே" என்பாள்.

"அது என்ன மோளே பாளேன்னுகிட்டு? எட்டிப் பாத்தா புளியறை. என்னமோ திருவனந்தபுரத்துல இருந்து வந்த மாதிரி" என்று அம்மா நொடிப்பாள். மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அதை மறந்துவிட வேண்டாம், பிறகு வேண்டியிருக்கிறது.

தலைப்பிரசவத்துக்குப் புளியறைக்குப் போனாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஆனியில், சாரல் பிடித்த சமயம், குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கூடையும் பெட்டியுமாக வண்டியிலிருந்து இறங்கியவளைப் பார்த்து "மைனி" என்று ஓடினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறொன்றும் செய்யவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் அவள் குரலே இல்லை. குழந்தை கதறும், அம்மா தூக்கி அவள் மடியில் போட்டால் பால் கொடுப்பாள். எடுத்துக்கொண்டால் மடி அப்படியே இருக்கும். தலை சீவ மாட்டாள். தட்டில் வைத்த சோறு காய்ந்து கிடக்கும்.

"பிள்ளை கெடந்து கதறுது, இவ கல்லு மாதிரி இருக்கா பாத்தியா" என்று அம்மா வேலியோரம் நின்று லீடரின் அம்மாவிடம் சொல்வாள். "நாமெல்லாம் பெறல்லியா? பெத்த மூணாம் மாசம் நாத்து நடப் போனவ நான்."

முதலில் கொழுப்பு என்றார்கள். பிறகு புளியறையில் முதலிலிருந்தே இப்படித்தான் இருந்திருப்பாள், மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றார்கள். அதற்கும் பிறகு பித்து என்றார்கள். மூன்றையும் அவள் காதுபடத்தான் சொன்னார்கள்.

ஒரே ஒருத்தி வேறு மாதிரி சொன்னாள். குழந்தைக்கு ஊசி போட வீட்டுக்கு வந்த நர்ஸ். மைனியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, "இது கொழுப்பும் இல்ல, பேயும் இல்லம்மா. பிள்ளை பெத்த சில பேருக்கு இப்படி வரும். மருந்து இருக்கு. திருநெல்வேலில இதுக்குன்னு பாக்குற டாக்டர் இருக்காங்க, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நர்ஸ் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அம்மா பொறுத்திருந்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா? அது வெளிய தெரிஞ்சா நாளைக்கு நம்ம மவள எவன் கட்டுவான்?"

அந்த மகள் நான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் கல்யாணத்துக்காக மைனிக்கு வைத்தியம் பார்க்கவில்லை. கல்யாணமும் நடந்தது, விமரிசையாக நடந்தது, நீங்களெல்லாம் வந்து சாப்பிட்டீர்கள்.

டாக்டர் வேண்டாம் என்றால் அருவி. நம் ஊர்க்காரர்களுக்கு வேறு எது தோன்றும்? சித்தம் கலங்கியவர்களை எங்கெங்கிருந்தோ சீசனுக்குக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று மைலில் அருவியை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருப்போமா? அம்மா, லீடரின் அம்மா, மைனி, நான், நாலு பேரும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போவோம். குழந்தையும் வரும், துண்டில் சுற்றி லீடரின் அம்மா மடியில். திரும்பி வரும்போது ஈரப் பாவாடையோடு பஸ் சீட்டில் உட்கார முடியாது, நின்றுகொண்டே வருவேன். பள்ளிக்கூடத்தில் தினமும் பிந்தி வந்ததற்கு முட்டி போட்டேன். லீடர் கரும்பலகையில் என் பேரை எழுதுவாள். அதற்கு அவள் மேல் கோபம் இல்லை, லீடர் வேலையே அதுதானே.

பேரருவியில் எண்ணெய் தேய்த்து விடுகிற ஆச்சி ஒருத்தி இருந்தாள். மைனியின் உச்சந்தலையில் எண்ணெயை அறைந்து தேய்ப்பாள். சுக்கும் ஏதோ பச்சிலையும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் எழுந்து போய்விடுவேன். ஆச்சியின் வைத்தியம் இதுதான்: "உச்சில தண்ணி விழணும். பித்தம் பூரா உள்ளங்கால் வழியா எறங்கிரும். எறங்கிட்டுன்னா தானா சிரிப்பு வரும். சிரிச்சிட்டாள்னா அன்னையோட போதும். சிரிக்கிற வரைக்கும் விடாதீங்க."

குழந்தையை ஆச்சி வாங்கிக்கொள்வாள். அம்மா ஒரு கை, லீடரின் அம்மா ஒரு கை. நான் முன்னால் நின்று மைனியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கி விடாமல். "பைத்தியத்துக்கு எடம் விடுங்கட்டி" என்று யாராவது கத்துவார்கள், பெண்கள் கூட்டம் விலகும். அருவியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆடி மாதத் தண்ணீர், ஆளையே குனிய வைக்கிற தண்ணீர். எனக்குப் பல் கிட்டிக்கொள்ளும். மைனியின் கண்ணாடி வளையல்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருந்த இரும்புக் கம்பியில் மோதி இரண்டாம் நாளே உடைந்துவிட்டன.

அப்புறம் வெளியே இழுத்துவந்து பாறையில் உட்கார வைப்பார்கள். லீடரின் அம்மா குழந்தையை அவள் முகத்துக்கு நேரே பிடிக்க, ஆச்சி கையைத் தட்டி, "இது யாரு பிள்ளை?" என்று கேட்பாள். 'எம் பிள்ளை' என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். மைனி குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். "இன்னும் எறங்கல்ல" என்பாள் ஆச்சி. சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு நேந்திரம் சிப்ஸ் வாங்கப் போவார்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இது எனக்கும் மைனிக்கும் மட்டும் தெரிந்தது. அருவிக்குள் நிற்கும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் உண்டு. வீட்டில் எந்நேரமும் யாராவது காதைத் தீட்டிக்கொண்டு இருக்கையில், அவள் பேசுவதற்கு அந்த ஓர் இடம்தான் மிச்சம். ஐந்தாறு நாள் கழித்துக் குனிந்து என் காதில் வாயை வைத்தாள்.

"மோளே, எனக்கு உறக்கமே இல்ல. கண்ண மூடினா நெஞ்சு படபடன்னு அடிக்கு. பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கு, கீழ போட்டுருவனோன்னு. நான் கெட்டவளா மோளே?"

நான் "இல்ல மைனி" என்று கத்தினேன். வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது.

மறுநாளும் குனிந்தாள். "அந்த நர்ஸ் சொன்ன டாக்டர்கிட்டப் போகணும். ஒங்க அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடுவியா? என் கை நடுங்குது, எழுத வரல்ல."

எழுதியிருக்கலாம். எனக்கு அழகான கையெழுத்து, நீங்களே சொல்வீர்கள். அஞ்சல் பெட்டி பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. ஆனால் நான் யோசித்தேன். அண்ணனுக்குக் கடிதம் போய், அவன் லீவு கேட்டு, ரயிலேறி வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? அதுவரைக்கும் தினமும் இந்தக் குளிர், தினமும் முட்டி. எனக்குத் தாங்கவில்லை. அவள் மேல் பாவமும் இருந்தது, என் மேல் பாவமும் இருந்தது, எது கூடுதல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எக்கி அவள் காதில் கத்தினேன்: "லெட்டர் எல்லாம் வேண்டாம் மைனி. நீங்க சிரிச்சிருங்க. சிரிச்சா விட்ருவாங்க!"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பெரிய வழியொன்றைக் காட்டிவிட்டதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா இருந்தது. புளியறையிலிருந்து கொண்டுவந்தது. மூடியின் உள்பக்கம் கண்ணாடி பதித்திருக்கும். அந்தச் சாயங்காலம் அடுப்படிக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில், நான் அந்த மூடியைத் தூக்கிப் பிடிக்க, மைனி சிரித்துப் பழகினாள். நான் வாத்தியாரம்மா.

"பல்லு தெரியணும் மைனி."

தெரிந்தது.

"கண்ணும் சிரிக்கணும்."

"கண்ணு வர மாட்டேங்கு மோளே."

"கொஞ்சம் சுருக்குங்க. அப்ப சிரிச்ச மாதிரி இருக்கும்."

சுருக்கினாள். மூன்று நாள் பழகினோம். நான்காம் நாள் பாறையில் வைத்து ஆச்சி கையைத் தட்டி "இது யாரு பிள்ளை?" என்றதும் மைனி "எம் பிள்ளை" என்றாள். பல் தெரிந்தது. கண் சுருங்கியது.

அருவிக்கரையே ஆர்ப்பரித்தது. முன்பின் தெரியாத பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். அம்மா மைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பொய் அழுகை இல்லை, அத்தனை நாளும் அவளுக்கும் உள்ளே பயம் இருந்திருக்கிறது. கடைத்தெருவில் மங்குஸ்தான் பழம் வாங்கித் தன் கையாலேயே உரித்து, வெள்ளைச் சுளையை மைனியின் வாயில் வைத்தாள். "என் ராசாத்தி, வந்துட்டியாம்மா" என்றாள். மைனி மென்றுகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். நான் குதித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனேன்.

தெளிந்தவளை அதற்கப்புறம் யார் பார்ப்பார்கள்? சுவரைப் பார்த்துக் கிடந்த வரைக்கும் திட்டுவதற்காவது ஒரு ஆள் கூடவே இருந்தது. இப்போது அடுப்படி அவள் கையில், குழந்தை அவள் மடியில், வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் லீடரோடு பாண்டி ஆடப் போனேன். யார் உள்ளே வந்தாலும் மைனி சிரித்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே அளவு, அதே சுருக்கம். உறங்கினாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் தெரியுமே.

அவள் சிரித்த ஆறாம் நாள். அம்மாவும் அப்பாவும் செங்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள், நான் பள்ளிக்கூடத்தில். மைனி குழந்தையைக் கொண்டுபோய் லீடரின் அம்மா கையில் கொடுத்து, "செத்த நேரம் வச்சிருங்க அத்தை" என்றிருக்கிறாள். சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குள் போய்த் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

எப்படி என்று எழுத மாட்டேன். கூடி நின்ற பெரியவர்களுக்கு அன்றைக்கு ஒரே கேள்விதான் இருந்தது: "இது யாருக்கெல்லாம் தெரியும்?" ஏன் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாதியில்லை. அவசர அவசரமாக எல்லாம் முடிந்தது. புளியறையிலிருந்து வந்தவர்களுக்கும் ஜன்னி என்றார்கள், அண்ணனுக்குப் போன தந்தியிலும் காய்ச்சல் என்றுதான் இருந்தது. அம்மா என் தாடையைப் பிடித்து, "யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்? மைனிக்குக் குத்தாலத் தண்ணில தெளிஞ்சிட்டு. பெறவு ஜன்னி வந்து போயிட்டா. சொல்லு" என்றாள். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

லீடர், உனக்கும் உன் அம்மா அதையேதான் சொன்னாள். அவளுக்கு உண்மை தெரியும். "சிரிச்சிட்டேதானே குடுத்தா, சிரிச்சிட்டேதானே குடுத்தா" என்று கிணற்றடியில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் மைனி இப்படித்தான் அருவியின் பெருமைக்குச் சாட்சியானாள். ஐம்பது வருஷம் கழித்து நீ அந்தச் சாட்சியை நம்பி உன் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறாய். உன் மேல் தப்பில்லை, பொய் சொன்னவர்கள் நாங்கள்.

அம்மா அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அருவியில் கால் வைக்கவில்லை. சீசனுக்கு வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவு கூப்பிட்டும், முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, முழங்காலில் ஒரு வலியும் கிடையாது. அண்ணன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான், ரிட்டயர் ஆனான், போன வருஷம் போய்ச் சேர்ந்தான். ஜன்னி என்று நம்பியே போனான். மஞ்சள் சோப்பு டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

அந்தக் குழந்தை இன்றைக்குக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அண்ணன் மகள், எனக்கு மருமகள் முறை. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் லீவு போட்டுப் போய் மூன்று மாதம் கூடவே இருந்தேன். அவள் சிரிக்கிறாளா என்று பார்க்கவில்லை, உறங்குகிறாளா என்று பார்த்தேன். இன்று காலை அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு வந்து மூணு மாசம் இருந்தீங்களே, அதுக்குத்தானா அத்தை?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கம்மாவக் கடைசி வரைக்கும் சிரிக்க வச்சிட்டீங்களே" என்றாள். அழுதாள், திட்டினாள், எனக்கு வேண்டியதுதான். கடைசியில், "குரூப்ல எழுதுங்க அத்தை, அந்தப் பொண்ணு பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

லீடர், நேற்று வீடியோவைப் பார்த்த உடனே உனக்குப் போன் போட்டேன். "ஏட்டி, அவ நல்லாச் சிரிச்சிட்டு இருக்கா, நீ ஏன் அபசகுனமாப் பேசுதே" என்று கடித்தாய். சரி, அவளிடமே கொடு என்றேன். கொடுத்தாய். "நல்லா இருக்கேன் ஆன்ட்டி" என்று சிரித்தாள். முப்பது வருஷம் குரல்களோடு குடும்பம் நடத்தியவள் நான், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "ராத்திரி உறங்குதியாம்மா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக, "அத்தை பக்கத்துல இருக்காங்க ஆன்ட்டி" என்றாள்.

இதற்கு மேல் உனக்கு என்ன சொல்ல?

எல்லோரும் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கடைசி நொடி வரைக்கும் பாருங்கள். போனைக் கீழே இறக்குகிறபோது அவள் முகம் ஓரத்தில் தெரிகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த அந்த நொடியில் அந்த முகத்தில் சிரிப்பு இருக்கிறதா, சொல்லுங்கள். அதற்கும் ஒரு இதயம் போடுங்கள், பார்ப்போம்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் நாளைக்குப் பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கார் சொல்லியாயிற்று. எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். அதுவரைக்கும் அவளைத் தனியாக விடாதே, சிரித்துக்கொண்டே பிள்ளையை உன் கையில் கொடுத்தாலும் விடாதே. ஊருக்குத் தெரிந்துவிடும் என்பாய், தெரியட்டும். என்னைக் குழுவிலிருந்து தூக்கு, என் வீட்டுப் பக்கம் வராதே, எதுவேண்டுமானாலும் செய். என் மைனியை உன் அம்மா ஒரு கையிலும் என் அம்மா ஒரு கையிலும் பிடித்தார்கள். இடுப்பைக் கட்டிப் பிடித்தவள் நான். எனக்கு இனிமேல் போவதற்கு மானம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் மருமகளிடம் அதிகம் பேச மாட்டேன். பத்து வயதில் ஒருத்தியின் காதில் "சிரிச்சிருங்க" என்று கத்தினேன். இவளிடம் "சிரிக்காண்டாம் மோளே" என்று சொல்ல வருகிறேன். கதவைத் திறந்து வை.